மரப்படி வழுக்காமலிருக்க நான் பட்ட பாடு

கதவு செய்த ஆசாரியைக் கிரகப்பிரவேசத்தன்று நினைப்பார்கள், கட்டில் செய்தவனைக் கல்யாணத்தன்று நினைப்பார்கள், தோட்டத்துக்கு மரப்படி செய்தவனை மட்டும் மழை பெய்த மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நினைப்பார்கள்.

நான் புதுக்கோட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே வந்து வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது சிமெண்டுப் படி பிடிப்பதில்லை. தோட்டத்தில் இறங்க மரத்தில்தான் படி வேண்டும் என்று போனில் படம் காட்டுவார்கள். அந்தப் படங்களில் ஒருநாளும் மழை பெய்யாது. நானும் அவற்றைப் பார்த்துச் சொக்கிப்போய், ஒரே கோடையில் நாலு வீட்டுக்குச் செய்து கொடுத்துவிட்டேன். நனைந்த படியில் ஒருமுறையாவது கால் வழுக்கி விழுந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. தப்பு என்னுடையதுதான்.

முகம் தெரிந்த படி

ஆவூர்ப் பக்கம் ஆரோக்கியமேரி டீச்சர் வீடு. அவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தனியாக இருக்கிறார். ஒரே மகன் குவைத்தில். மனை பின்பக்கம் பள்ளமாக இருப்பதால் பின்வாசலிலிருந்து தோட்டத்துக்கு இறங்க ஐந்து படி வேண்டியிருந்தது. பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு உத்திரங்களை அறுத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று கை வார்னிஷ் அடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். கைப்பிடி வைக்கலாமா என்று கேட்டதற்கு மகன் வீடியோ காலில், "வேணாங்க, வியூ கெட்டுரும்" என்றார். நானும் சரியென்று விட்டுவிட்டேன். தோட்டத்துக் கோடியில் டீச்சரின் கணவர் உயிரோடு இருந்தபோது குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த சின்னக் கெபி இருக்கிறது. டீச்சர் தினமும் சாயங்காலம் வெறுங்காலோடு இறங்கிப் போய், மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்லி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, இருட்டுவதற்குள் மேலே வருவார். மிச்ச நேரமெல்லாம் அந்தச் சாயங்காலத்துக்காகக் காத்திருக்கிற நேரம்தான்.

ஐப்பசியில் முதல் மழை. மூன்றாவது படியில் கால் போய் டீச்சருக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. படியைப் பிரித்துப் போட்டுவிட்டு, பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது என்று மகன் முடிவு செய்துவிட்டார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கொத்தனார் வருவாராம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், சுற்றிப் போக வழி கிடையாது. அந்த வாசல் போனால் தோட்டமும் போச்சு, கெபியும் போச்சு. செய்தி கேட்டு நான் ஓடினேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். டீச்சரோ மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, உதவிக்கு இருக்கிற அம்மாவிடம் எனக்குக் காபி போடச் சொன்னார். கிறிஸ்துமஸுக்குள் படியைச் சரிசெய்து தருகிறேன் என்று தலையைக் குனிந்தபடி சொன்னேன். எப்படிச் சரிசெய்வது என்று எனக்கே தெரியாது. டீச்சர் சொன்னார்: "உங்க வேலையில ஒரு குத்தமும் சொல்ல முடியாதுங்க ஆசாரி. விழுறப்பகூட அந்தப் படியில என் மொகம் தெளிவாத் தெரிஞ்சுச்சு."

ஐந்து ஸ்டாப்பிங்

மிச்சமிருந்த மூன்று வீட்டுப் படிகளை முதலில் பார்ப்பது, எந்த வைத்தியம் நிற்கிறதோ அதை டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று திட்டம் போட்டேன். உடைந்த கையோடு இருக்கிறவரை வைத்துச் சோதனை செய்ய எனக்கு மனசு வரவில்லை. மற்றவர்களை வைத்துச் செய்ய மட்டும் எப்படி மனசு வந்தது என்று கேட்காதீர்கள்.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையைப் படிமேல் இழுத்துப் பிடித்து ஆணி அடித்துவிட்டு, கொட்டுகிற மழையில் ஏறி இறங்கிக் காட்டினார். அடடா, இவ்வளவுதானா என்று வலையை வாங்கிக்கொண்டு குடுமியான்மலைக்குப் போனேன். அங்கே ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் வீடு. ஐந்து படிக்கும் வலை அடித்துவிட்டு, பெருமையாக வீட்டுக்கு வந்து மறுபடி அந்த வீடியோவைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அந்த மனுஷர் காலில் முழங்கால் உயரத்துக்கு பூட்ஸ்! கண்டக்டர் வீட்டுத் தோட்டத்திலோ துளசிமாடம் இருக்கிறது. அந்த வீட்டில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. வலை முனை உள்ளங்காலைக் குத்தியது, சேலைக் கரையைப் பிடித்து இழுத்தது. மறுநாள் காலையிலேயே கண்டக்டர் போன் செய்தார்: "வழுக்கலைங்க ஆசாரி, பொய் சொல்லக் கூடாது. ஆனா அஞ்சு படிக்கு அஞ்சு ஸ்டாப்பிங் போட்டுட்டீங்க. எங்க வீட்டுல இன்னும் மூணாவது ஸ்டாப்பிங்லயே நிக்கிறாங்க, வந்து எடுத்துவிடுங்க."

கரையானுக்கு வைத்தது

வலையைப் பிடுங்கிவிட்டு அடுத்து பொன்னமராவதிக்குப் போனேன். சுப்பையா என்று ஒருவர், பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் கொல்லையில் நான் செய்த படி கன்னங்கரேலென்று மின்னியது. நான் அடித்தது காப்பிப்பொடி நிறம். கையை வைத்தேன், விரல் வழுக்கிக்கொண்டு போனது. முகர்ந்து பார்த்தால் மெக்கானிக் கடை வாசனை. என்னங்க இது என்று கேட்டேன். அவர் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் பைக் கடையிலிருந்து வேஸ்ட் ஆயில் வாங்கிவந்து துணியில் தொட்டுப் பூசுவதாக ஒத்துக்கொண்டார். கரையான் வராதாம். வேலியில் நிற்கிற கம்பத்துக்குப் பூசினால் சரி. கம்பத்தின் மேல் யார் ஏறி நடக்கப்போகிறார்கள்?

எனக்குக் கோபம் வந்தது. நான் வார்னிஷ் அடித்த லட்சணம் ஞாபகம் வந்ததும் அடங்கிவிட்டது. மரத்தூளைக் கொட்டி எண்ணெயை உறிஞ்சவைத்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, மேல்தோலை இழைத்து எடுப்பதற்கு இரண்டு நாள் ஆனது. மரம் மண்ணில் பட்டால்தானே கரையான் ஏறும் என்று, படியின் கால்களைத் தூக்கி அடியில் கருங்கல் துண்டு கொடுத்தேன். கல்லை நகர்த்தும்போதுதான் சுப்பையா மெல்ல இன்னொரு விஷயத்தையும் சொன்னார். தீபாவளிக்கு வந்த மச்சான் இந்தப் படியில் உட்கார்ந்தபடியே கீழே போய்ச் சேர்ந்தாராம், அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லையாம். ஐயோ பாவம் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "ஆனா கரையான் ஒண்ணுகூட ஏறலைங்க ஆசாரி. எப்புடி ஏறும், மச்சானாலயே ஏற முடியலையே!"

சித்ரா சொன்னது

மூன்றாவது வீடு குன்றாண்டார்கோவில் பக்கம். அங்கே வீட்டு முன்வாசலிலேயே மூன்று மரப்படி. அந்த வீட்டு மருமகள் சித்ரா விடியற்காலையில் எழுந்து சாணம் கரைத்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பெண். மண் வாசலுக்கு அது அழகு. மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் அது என்ன செய்யும்? கோலத்துக்கு அடியில் பாசி பிடித்து, மூன்று படியும் குளத்துப் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. இனிமேல் படியில் தண்ணீர் தெளிக்காதீர்கள் என்று நான் சொன்னதும் மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் நான் இன்னும் கொஞ்சம் குள்ளமாகிவிட்டேன். தெளிக்காத வாசலா, கார்த்திகை மாசத்திலா என்று கேட்டார். கடைசியில் படிக்கு முன்னால் தரையில் அகலமான கருங்கல் ஒன்றைப் பதித்துக் கொடுத்தேன். தெளிப்பதும் கோலமும் கல்லில். படிக்கு ஈர்க்குமாறு போட்டு வறட்டுப் பெருக்கல் மட்டும். இங்கே புள்ளி அதிகமாக வைக்கலாமே என்று மாமியாருக்குச் சமாதானம்.

பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது சித்ரா மோர் கொண்டுவந்தாள். ஐந்து மாதம் என்று பார்த்தாலே தெரிந்தது. டம்ளரை வாங்கும்போது, "போன வாரம் நான் இதுல விழுந்துட்டேங்க" என்றாள், உதடு மட்டும் அசைகிற மாதிரி. டாக்டரிடம் காட்டினாயா அம்மா என்று கேட்டேன். செக்கப்புக்குப் போனபோது சொல்லிப் பரிசோதித்துக்கொண்டதாகவும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். மோர் இறங்க நேரமாயிற்று. நான் அழகுக்காகச் செய்து கொடுத்த பலகை ஒரு பெண்ணை இப்படிப் பயந்து பயந்து பேச வைத்திருக்கிறது. நானே உள்ளே போய்ச் சொல்லிவிடட்டுமா என்றதற்கு அவசரமாகத் தலையாட்டினாள்: "வேணாங்க. படி வழுக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் விழுந்தேன்னு சொன்னா, படியை விட்டுட்டு என்னையத் திருத்த ஆரம்பிச்சிருவாங்க."

மாவுச் சல்லடை

மூன்று வீடு சுற்றியதில் எதெல்லாம் செய்யக் கூடாது என்று நன்றாகத் தெரிந்துவிட்டது. மார்கழி பிறந்துவிட்டது, டீச்சருக்கு மாவுக்கட்டையும் பிரித்துவிட்டார்கள். பெயிண்டில் மணல் தூவினால் பிடிமானம் வரும் என்று பெயிண்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஊரார் காலை விட்டுவிட்டு என் வீட்டிலேயே சோதனை வைத்தேன். கொல்லைப் படிக்குப் பெயிண்ட் அடித்து, ஈரம் காய்வதற்குள் கிரஷர் தூளைத் தூவினேன். நம் ஜில்லாவில் கல்குவாரிக்கா பஞ்சம்? காய்ந்ததும் என் மனைவி ஒரு தடவை இறங்கி ஏறினாள். உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள், தோல் சிவந்து கிடந்தது. "ஊரு ஜனம் விழக்கூடாதுன்னு ஒரு மாசமா அலையிறீங்க, என் காலை மட்டும் தேங்காயாட்டம் துருவுறீங்களே" என்றாள்.

உடைத்த கல்லுக்கு முனை இருக்கும், ஆற்று மணலுக்கு இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, பொடியாகச் சலித்து மறுபடி தூவினேன். காய்ந்ததும் ஒரு குடம் தண்ணீரைப் படியில் ஊற்றிவிட்டு நானே வெறுங்காலோடு ஏறி இறங்கினேன். கால் நின்றது, குத்தவும் இல்லை. சந்தோஷம் தாங்காமல் மனைவியையும் கூப்பிட்டேன். அவள் இறங்கினாள், ஏறினாள், நின்று யோசித்தாள். அப்புறம் தண்ணீர்த் தொட்டிமேல் நான் மறந்துவைத்த மாவுச் சல்லடையைப் பார்த்தாள். "வழுக்கலைங்க, காலும் கடிக்கலை. இனிமே நம்ம வீட்டு இடியாப்பந்தான் கடிக்கும்."

நூற்றுக்கு நூறு

டீச்சர் வீட்டுப் படியில் ஐந்து நாள் வேலை பார்த்தேன். முதல் நாள் என் மூன்று கை வார்னிஷையும் நானே சுரண்டி எடுத்தேன். பெற்ற பிள்ளைக்கு மொட்டை அடிக்கிற மாதிரி இருந்தது, இருந்தாலும் எடுத்தேன். தண்ணீர் தேங்காமல் ஓட ஒவ்வொரு பலகையையும் முன்பக்கம் துளி சாய்த்து வைத்தேன். பலகைக்குக் குறுக்கே மெல்லிய பள்ளமாகக் கோடு கோடாக இழைத்தேன். விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மணல் தூவிய வெள்ளைப் பெயிண்ட். மழை இருட்டிலும் படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. படிமேல் சொட்டிக்கொண்டிருந்த மாமரக் கிளையையும் கழித்தேன். கைப்பிடிக்கு மகனைக் கேட்டபோது, "ரெண்டு பக்கமும் வச்சிருங்க" என்றார். ஆனால் கொத்தனாரை நிறுத்த அவர் ஒப்பவில்லை. "அம்மா தானா எறங்கட்டும், அப்பறம் பாக்கலாம். அவங்களே பயப்படுறாங்களேங்க." அதுவும் நியாயம்தான். குவைத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு மழைக்கும் மகன் பயப்படுவதை நான் குறை சொல்ல முடியுமா?

வேலை முடிந்ததும் நான் பத்துத் தடவை ஏறி இறங்கிக் காட்டினேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். குதித்துக்கூடக் காட்டினேன். டீச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்தார். வாங்க டீச்சர் என்றேன். வலது காலை எடுத்து முதல் படிக்கு மேலே நீட்டினார், அந்தரத்திலேயே நிறுத்தினார், திரும்ப எடுத்துக்கொண்டார். இரண்டாவது நாளும் அப்படியே. கிறிஸ்துமஸுக்குக் கெபியில் மெழுகுவர்த்தியை உதவிக்கார அம்மாதான் ஏற்றினாராம், டீச்சர் வாசலில் நின்று ஜெபம் சொன்னாராம். அதைக் கேட்டு எனக்குக் கேக் இறங்கவில்லை. இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா, சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். அவர் சொன்னார்: "படிக்கு நூத்துக்கு நூறு போட்டுட்டேன் ஆசாரி. நான்தான் பெயில்."

செங்கல் வந்த நாள்

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் கொத்தனார் வந்துவிட்டார். செங்கல்லைப் பின்வாசல் ஓரமாக உள்ளேயே அடுக்கிவிட்டு, படியைப் பிரிக்க என்னைத்தான் வரச்சொல்லியிருந்தார்கள். செய்தவனே பிரிக்கட்டும் என்று. சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கென்று விடிந்ததிலிருந்து மழை. டீச்சர் வழக்கம்போல நிலையைப் பிடித்துக்கொண்டு கெபியைப் பார்த்து நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கடைசியாக ஒரே ஒரு தடவை காட்டுகிறேன் டீச்சர், மழையில் பாருங்கள் என்று கருவிகளைக் கீழே போட்டுவிட்டு, கைப்பிடியைக்கூடத் தொடாமல், ஐந்து படியையும் விறுவிறுவென்று இறங்கினேன். ஒரு படியாவது வழுக்கியதா? இல்லை. ஐந்தாவது படியிலிருந்து ஜம்பமாகத் தோட்டத்தில் கால் வைத்தேன். செம்மண் சேறு. இரண்டு காலும் மேலே போய், மல்லாக்க விழுந்து, பிடரிவரை சேறு. பக்கத்து ஊரில் கோலத்துக்குக் கல் பதித்துவிட்டு வந்த மகா புத்திசாலி, இங்கே கடைசிப் படிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

இடுப்பில் அடி, மூச்சு வரவில்லை. கண்ணைத் திறந்தால் மழைக்கு நடுவே டீச்சர் முகம், எனக்கு நேர் மேலே. இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் படிக்குக் கீழே சேற்றில் நின்று, உடைந்து கூடிய அந்த வலது கையை எனக்கு நீட்டிக்கொண்டிருந்தார். ஐந்து படி எப்படி இறங்கினார் என்று அவருக்கும் தெரியாது, நானும் பார்க்கவில்லை. மேலே கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் குனிந்து, "எந்திரிங்க ஆசாரி, யாரும் பாக்கலை" என்றார். அந்தக் கையைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. படியைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மழை இருந்ததால் மானம் தப்பித்தது. டீச்சர் திரும்பித் தான் இறங்கிவந்த படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கெபி வரை நடந்துபோய், நனைந்துகொண்டே சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மேலே கொத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தச் செங்கல்லை என்னதான் செய்ய என்று இரண்டு தடவை கேட்டார். சேற்றில் ஊன்றி நின்றபடி டீச்சர் சத்தமாகச் சொன்னார்: "இங்கிட்டு எறக்குங்க கொத்தனாரே. நான் நிக்கிற எடத்துல பரப்புங்க."

ஆகமொத்தம், நாலு வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் விழாமலிருக்க நான் பார்த்த வேலையில், உருப்படியாக நடந்தது நான் விழுந்தது ஒன்றுதான்.